டாக்டருக்கு வாட்ஸ்அப் மெசேஜ்: எதற்குப் போடலாம், எதற்கு நேரில் ஓட வேண்டும்?

காங்கேயத்தான் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு 68 வயது, வெகுகாலமாகச் சர்க்கரை. போன ஐப்பசியில் மூச்சு வாங்கி, இரண்டு காலும் வீங்கி, கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த காகிதத்தின் அடியில் ஒரு வாட்ஸ்அப் நம்பர். "தினமும் எடை, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் இதில் அனுப்புங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். நான் இங்கே பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அம்மா காலையில் அப்பாவை எடை மெஷினில் ஏற்றி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை ஆஸ்பத்திரி நம்பருக்குத் தள்ளிவிடுவேன். நீல டிக் விழும். சில நாள் ஒரு கட்டைவிரல் வரும். சில நாள் "ஓகே சார்". அதை யார் போடுகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. டாக்டரா, நர்ஸா, ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணா?

போன வாரம் மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. சந்தேகப்பட்டு நேரில் கூட்டிப்போனதும் நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். மெசேஜ் பார்க்கிற ஆள் லீவாம்.

இந்த ஏற்பாட்டை நம்பலாமா? மெசேஜிலேயே மருந்தை மாற்றச் சொன்னால் அது செல்லுமா? உங்கள் வீடுகளில் எப்படி நடக்கிறது?

---

ரிக்கு_மேனேஜர் (திருச்செங்கோடு)

எங்களுக்கு அது இல்லாமல் முடியாதுங்க தம்பி. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஊரை விட்டுக் கிளம்பினால் மாசக்கணக்கில் சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று சுற்றும். டிரைவர், டிரில்லர் எல்லோருக்கும் நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் கிடையாது, வராமல் என்ன செய்யும்.

எங்கள் வண்டியில் ஒருவருக்குக் காலில் இரும்புச் சில்லு கிழித்திருந்தது. கால் மரத்துப்போனதால் வலியே தெரியவில்லை. ஷூவைக் கழற்றியபோதுதான் பார்த்தோம். போட்டோ எடுத்து ஊர் டாக்டருக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போனே வந்தது. "மஞ்சள் கிஞ்சள் வைக்காதே, இன்றைக்கே பக்கத்து ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, அவர்களிடம் சர்க்கரைக் கால் என்று சொல்லு" என்றார். விரல் தப்பித்தது.

இன்சுலினை எங்கே வைப்பது என்று கேட்டதற்கும் மெசேஜில்தான் பதில். ஃபிரிட்ஜ் கிடையாதே. இரண்டு மண்பானை வாங்கி, பெரியதில் தண்ணீர் ஊற்றி, சின்னதை அதற்குள் வைத்து மருந்தை அதில் போடச் சொன்னார். வெயிலில் நிற்கிற லாரி டேஷ்போர்டில் வைத்தால் மருந்து வீணாகிவிடுமாம்.

---

கோபி_எம்டி (கோபிசெட்டிபாளையம்)

சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். காங்கேயத்தாரின் கேள்விக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய அந்த நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன்னால் இது ஒரு இரண்டுங்கெட்டான் விஷயம். அதில் வீடியோ, போன், எழுத்து மெசேஜ் மூன்றுமே செல்லும் என்று வந்துவிட்டது. வாட்ஸ்அப்பையும் சேர்த்துத்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

நேரில் பார்த்த நோயாளி, அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் மெசேஜ் போட்டால் அது தொடர் சிகிச்சை. பழைய மருந்தைத் தொடரச் சொல்லலாம், கூடுதலாக ஒன்றைச் சேர்க்கவும் இடம் உண்டு. முன்பின் பார்க்காத ஒருவர் வெறும் எழுத்தில் கேட்டால் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். மாதிரி பொதுவான மருந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போதை தரக்கூடிய மருந்துகள், மனநலத்துக்கான சில கட்டுப்பாட்டு மருந்துகள் எந்த வழியிலும் கூடாது. அனுப்புகிற சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி தானாக மெசேஜ் போட்டால் சம்மதம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். நேரில் வருகிறேன் என்று நோயாளி சொன்னால் "வேண்டாம், போனிலேயே பார்த்துக்கலாம்" என்று டாக்டர் வற்புறுத்துவது தவறு. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆக, உங்கள் அப்பாவுக்கு நீர் மாத்திரையின் அளவை மெசேஜில் மாற்றினால் செல்லும். மாற்றியவர் டாக்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டைவிரலுக்குப் பதிவு எண் கிடையாது.

அடுத்து என் பக்கத்துக் கஷ்டம். காலையில் போனைத் திறந்தால் பூப்படம் போட்ட குட்மார்னிங் ஒரு கூடை. அதற்கு நடுவில் எங்கேயோ "டாக்டர் நேத்து ராத்திரி இருந்து நெஞ்சு கரிக்குது" என்று ஒரு மெசேஜ் கிடக்கும். பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கரிக்கிறது. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் இதற்கெல்லாம் மெசேஜே போடாதீர்கள். 108.

---

மருந்துக்கடை_பவானி

டாக்டர் சார் சொன்ன பதிவு எண் விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர் போனை நீட்டுகிறார். அதில் "அந்த வெள்ளை மாத்திரையை ரெண்டு வேளையாப் போடுங்க" என்று ஒரு வரி. எந்த வெள்ளை மாத்திரை? கடையில் பாதி வெள்ளைதான். பெயர் இல்லை, தேதி இல்லை, யார் அனுப்பியது என்பதும் இல்லை. கொடுக்க மாட்டேன் என்றால் "டாக்டரே சொல்லிட்டார், உனக்கென்ன" என்று சண்டை.

முறையான சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நான் கொடுக்கத் தயார். நோயாளி பெயர், வயது, தேதி, மருந்தின் பெயர் பெரிய எழுத்தில், அளவு, எத்தனை நாள், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எச்-1 பட்டியல் மருந்து (கூடுதல் கட்டுப்பாடு உள்ளவை) என்றால் நான் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து கேட்டால் "வாட்ஸ்அப்பில் காட்டினாங்க" என்று சொல்ல முடியுமா?

போன வருடத்து ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு வந்து இந்த வருடம் தூக்க மாத்திரை கேட்கிற கூட்டம் வேறு இருக்கிறது.

---

பொள்ளாச்சி_மகள்

எங்கள் அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை. அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும். அதனால் அடிக்கடி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து அளவைத் திருத்த வேண்டும். முன்பெல்லாம் ஒரு எண்ணைக் காட்டுவதற்காகக் கோவைக்கு பஸ் ஏறி, டோக்கன் போட்டு, ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இப்போது பொள்ளாச்சியிலேயே லேபில் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்புகிறோம். சாயங்காலத்துக்குள் பதில்.

ஆனால் வெறுமனே பதில் வாங்கி விடுவதில்லை. டாக்டர் "திங்கள் முதல் வெள்ளி 2, சனி ஞாயிறு 3" என்று போட்டால், நான் அதை முழு வாக்கியமாகத் திருப்பி எழுதுவேன்: "அம்மாவுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை 2 மில்லிகிராம், சனி ஞாயிறு 3 மில்லிகிராம், இரவு உணவுக்கு அப்புறம், அடுத்த பரிசோதனை பதினைந்து நாளில். சரியா டாக்டர்?" அதற்கு அவர் கட்டைவிரல் போட்டால் போதும். காங்கேயத்தாருக்கு வந்த கட்டைவிரலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா அண்ணா? இங்கே எதற்கு ஆமாம் சொல்கிறார் என்பது மேலேயே எழுதியிருக்கிறது.

எந்த மாத்திரை என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். இதே மாத்திரை 1, 2, 3, 4 மில்லிகிராமில் வருகிறது. "அரை மாத்திரை" என்றால் எதில் அரை? அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. அமுச்சி ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் முருங்கைக்கீரையாக ஆக்கிப்போட்டார். ஐ.என்.ஆர். சரசரவென்று இறங்கிவிட்டது. டாக்டர் மெசேஜில் முதலில் கேட்டதே "கீரை கூடச் சாப்பிட்டாங்களா?" என்றுதான். நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார். இதைப் பேசத் தெரிந்த ஆள் அந்தப் பக்கம் இருப்பதால்தான் எங்களுக்கு இது உதவுகிறது.

---

காங்கேயத்தான்

அக்கா, திருப்பி எழுதுகிற யோசனை அருமைங்க. நான் வெறும் போட்டோவை மட்டும் தள்ளிவிட்டிருக்கிறேன். எடை கூடியிருக்கிறது என்று ஒரு வரி எழுதவே இல்லை.

---

கோபி_எம்டி

அதை எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை தம்பி. தினமும் அனுப்பச் சொன்னவர்கள்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் எழுதுங்கள். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போன பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரித் துணியோடு எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மெசேஜோடு நிற்காமல் போன் செய்யுங்கள்.

---

எண்_கணக்கு (கோவை)

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். எல்லோரும் அனுபவத்தையே சொல்வதால் ஆய்வுப் பக்கத்தையும் கொஞ்சம் போடுகிறேன். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. உணவும் உடற்பயிற்சியும் பற்றிய ஆலோசனை எல்லோருக்கும் கிடைத்தது. ஒரு பிரிவுக்கு மட்டும் அப்புறம் தொடர்ந்து எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருட முடிவில் மெசேஜ் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. வாங்காதவர்களில் 27 சதவீதம். 2013-ல் வெளியானது.

2015-ல் சிட்னியிலிருந்து இன்னொன்று. இதய நோயாளிகள் 710 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் நான்கு மெசேஜ், ஆறு மாதம். மெசேஜ் போன பிரிவில் கொழுப்பும் பிரஷரும் இறங்கின. ஆறு மாத முடிவில் புகைப்பவர்கள் மெசேஜ் பிரிவில் 26 சதவீதம், மற்றதில் 43. அந்த மெசேஜ்களுக்கு யாரும் பதில் போட வேண்டியதே இல்லை.

இப்போது மருந்தைத் தவறாமல் சாப்பிட வைக்கும் விஷயத்துக்கு வருவோம். கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய 538 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை நர்ஸிடமிருந்து "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் மெசேஜ் வரும். இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்று சொன்னாலோ, பதிலே வராவிட்டாலோ நர்ஸ் போன் செய்வார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் மெசேஜ் பிரிவில் 62 சதவீதம், மற்றதில் 50. இது 2010.

அதே நோய்க்கு, அதே மாதிரி எண்ணத்தில், தென்னிந்தியாவில் 631 பேரிடம் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் பேசுகிற தானியங்கிப் போன், கூடவே ஒரு படம். கிருமியின் அளவிலும் சரி, மருந்து சாப்பிட்டதிலும் சரி, ஒரு வித்தியாசமும் இல்லை.

காரணம் பல இருக்கலாம். நான் எடுத்துக்கொள்வது இதை: பழக்கத்தை மாற்ற ஒருவழி மெசேஜ் போதும் போலிருக்கிறது. நட, எண்ணெயைக் குறை, பீடியை விடு என்று சொல்ல யந்திரமே போதும். சிகிச்சையைச் சரிவர நடத்த, மறுமுனையில் கேட்டு நடவடிக்கை எடுக்கிற ஆள் இருக்க வேண்டும். காங்கேயத்தாரின் ஆஸ்பத்திரி ஒருவழிச் செலவில் இருவழி வேலையைக் காட்ட நினைக்கிறது.

---

கோபி_எம்டி

கென்யாவில் ஆராய்ச்சிப் பணத்தில் நர்ஸ். கோபியில் யார் பணத்தில்? டோக்கன் போட்டு வருகிறவர் ஃபீஸ் கொடுக்கிறார். மெசேஜ் போடுகிறவர் கொடுப்பதில்லை. தொலைவழி ஆலோசனைக்கு ஃபீஸ் வாங்கலாம் என்று அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. வாங்கினால் "ஒரு மெசேஜுக்குக் காசு கேட்கிறான்" என்று சந்தைப்பேட்டை வரைக்கும் பேச்சு போய்விடும்.

---

சோமனூர்_தறி

காசு பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டுங்க. எண்_கணக்கு சொன்னதற்கு உயிருள்ள சாட்சி நான்.

தறியில் வேலை. பஞ்சுத் தூசியால் இருமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், காசநோய். ஆறு மாத மருந்து. எங்கள் பாட்டன் காலத்தில் இதே நோய்க்குப் பெருந்துறை சானடோரியத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அங்கே போனவன் திரும்ப மாட்டான் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. எனக்கு வீட்டிலேயே மருந்து. மாத்திரை அட்டையை ஒரு காகித உறைக்குள் வைத்துக் கொடுப்பார்கள். அன்றைய மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் மறைந்திருக்கிற போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு கால் அடித்தால் போதும், காசு பிடிக்காது. மாத்திரை போட்டாச்சு என்று கணக்கில் ஏறிவிடும். 99டாட்ஸ் என்று பெயர்.

மாத்திரையைப் பிதுக்கித் தோட்டத்தில் வீசிவிட்டும் கால் அடிக்கலாமே என்பீர்கள். அடிக்கலாம். முதல் மாதம் வாந்தி வந்த நாளில் எனக்கே அந்த எண்ணம் வந்தது. ஆனால் இரண்டு நாள் கால் போகவில்லை என்றால் காசநோய் மேற்பார்வையாளர் சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு தறிக்குடோனுக்கே வந்துவிடுவார். வெளியே கூப்பிட்டு, "என்ன கண்ணு, வயிறு ஒத்துக்கலையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் மருந்து சாப்பிட்டேன். நம்பருக்காக இல்லை.

இன்னொரு நல்லது: தறியில் பக்கத்து ஆளுக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்தால் யாருக்கோ கால் போடுகிறான் என்றுதான் நினைப்பான்.

---

எண்_கணக்கு

சோமனூர் அண்ணன் சொன்ன வீட்டு வைத்தியத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1950களின் பின்பாதியில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்து மருந்து, மீதிப் பேருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவு. கூட இருந்தவர்களுக்குத் தொற்றுவதும் வீட்டில் அதிகமாகவில்லை. அதற்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாகின. ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று மாத்திரையை விழுங்க வைத்த நர்ஸும் கூடவே போய்விட்டார். மெசேஜ், மிஸ்டு கால் எல்லாம் அந்த நர்ஸின் இடத்தை நிரப்பத்தான் வந்திருக்கின்றன.

99டாட்ஸ் கணக்கையும் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்ற பரிசோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அண்ணன் சொன்ன அதே தோட்டம்தான் காரணமாக இருக்கும்.

---

மலை_சிஸ்டர் (தாளவாடி)

நான் கிராம சுகாதாரச் செவிலியர். நீங்கள் எல்லோரும் டவர் இருக்கிற ஊரில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். இங்கே பல ஊர்களில் போன் எடுக்காது. குறிப்பிட்ட ஒரு பாறை மேல் ஏறினால் இரண்டு புள்ளி வரும். அதற்காக நெஞ்சு அடைக்கிற ஆளைப் பாறை மேல் ஏற்றுவதா? பர்கூர் மலைப் பக்கமும் இதே நிலைதான் என்று அங்கே இருக்கிற தோழி சொல்கிறாள்.

அப்புறம் எழுத்து. இங்கே வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வயதானவர்களுக்குத் தமிழும் படிக்க வராது, கன்னடமும் படிக்க வராது. மெசேஜ் என்பது பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்துச் சொன்னால்தான் உண்டு. பேரனிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் போகிறது என்று ஒரு அக்கா எனக்கு வாய்ஸ் நோட் போட்டார். எழுத்தில் என்றால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அன்றைக்கே சத்தியமங்கலத்துக்கு அனுப்பினோம்.

டாக்டர் சார் "யார் பணத்தில் நர்ஸ்" என்று கேட்டீர்கள். அந்த வேலையை ஓரளவு அரசாங்கம் செய்துகொண்டுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. கொண்டுபோகிற தன்னார்வலர் பெண்ணிடம் போன் இருக்கிறது. அவர் எனக்கு அனுப்புவார், நான் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு அனுப்புவேன். தேவைப்பட்டால் அவர் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் பெரிய டாக்டரைக் கேட்பார். நோயாளி நேராக டாக்டருக்குப் போடுவதுதான் முன்னேற்றம் என்று ஏன் நினைக்க வேண்டும்? நடுவில் ஊர் தெரிந்த ஒரு ஆள் இருந்தால், எது அவசரம், எது பூப்படம் என்று அவரே பிரித்துவிடுவார்.

---

கோபி_எம்டி

சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன். என் கிளினிக்கில் மருந்து கட்டுகிற அம்மிணிக்கு அந்த வேலையைக் கொடுத்தால் என்ன என்று இப்போது யோசிக்கிறேன். முடிவு அவர் எடுக்கக் கூடாது. பிரித்துக் கொடுக்கிற வேலை மட்டும்.

---

நாமக்கல்_குரல்

ஒருவரும் தொடாத விஷயம் ஒன்று. போன் யாருடையது?

லாரிக்காரர் வீட்டில் ஒரே போன்தான் என்றால் அது அவரோடு கௌஹாத்திக்குப் போய்விடும். மனைவியின் கர்ப்பப் பரிசோதனை மெசேஜ் அவருக்குப் போகும். அல்லது மாமியார் கையில் இருக்கிற போனுக்கு வரும். என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கைக்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான) மருந்து வாங்க வரும்படி மெசேஜ் வந்தது, மையத்தின் பெயரோடு. நோம்பிக்கு ஒறம்பரை வந்து வீடு நிறைய ஆள். போன் டிவி மேல் இருந்தது. திரையில் எல்லோரும் படித்தார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. லாக் ஸ்கிரீனில் வருவதும் வெளியே சொல்வதுதான் என்று அனுப்புகிறவருக்குத் தோன்ற வேண்டும். எண்_கணக்கு சொன்ன அந்தத் தென்னிந்திய ஆய்வில் படம் அனுப்பினார்களே, அதில் நோயைப் பற்றி ஒன்றும் இருக்காது, பொதுவான படம். பலன் கிடைத்ததோ இல்லையோ, அந்த மரியாதையாவது இருந்தது.

டாக்டர்களுக்கு ஒரு கேள்வி. நாங்கள் அனுப்புகிற புண், மார்பு, தோல் போட்டோ எல்லாம் உங்கள் போன் கேலரியில் தானாக விழுகிறது. உங்கள் பிள்ளை அந்தப் போனில் கேம் விளையாடுகிறான். என்ன செய்கிறீர்கள்?

---

கோபி_எம்டி

நியாயமான கேள்வி. கிளினிக்குக்குத் தனிப் போன், தனி சிம். வாட்ஸ்அப் செட்டிங்கில் மீடியா கேலரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டாக்டர் குரூப்பில் கருத்துக் கேட்கப் போட்டால் முகம், பெயர், ஆஸ்பத்திரி எண் எல்லாம் வெட்டிவிட்டு, நோயாளியைக் கேட்டுக்கொண்டுதான் போடுவேன். எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை.

நோயாளிகள் பக்கமும் ஒன்று: லாக் ஸ்கிரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி வைக்கலாம், எல்லாப் போனிலும் அந்த வசதி உண்டு. முதல் தடவை வரும்போதே "இந்த நம்பரை வேறு யார் பார்ப்பாங்க?" என்று நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

---

மட்டுறுத்துனர்

ஒரு உறுப்பினர் தன் தந்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெயரோடு பதிவேற்றியிருந்தார், நீக்கிவிட்டேன். தயவுசெய்து இங்கே ரிப்போர்ட் போட்டு ஆலோசனை கேட்காதீர்கள்.

---

காங்கேயத்தான்

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசினேனுங்க. சண்டை போடவில்லை. அந்த நம்பரை யார் பார்க்கிறார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அந்த ஆள் இல்லாத நாளில் யார் என்று மட்டும் கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். அப்புறம் ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக் நர்ஸ் ஒருவர் வந்து, காலை பத்து முதல் மதியம் ஒன்று வரை தான் பார்ப்பதாகவும், ஞாயிறு யாரும் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். ஞாயிறு பார்ப்பதில்லை என்பதையே முதலில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது போட்டோ அனுப்புவதை நிறுத்திவிட்டோம். அம்மா பேசி வாய்ஸ் நோட் போடுகிறார், அவர் நம்பரிலிருந்தே. நான் நடுவில் இல்லை. நர்ஸ் அம்மாவையே திருப்பிக் கூப்பிட்டு, உப்பு எவ்வளவு போடுகிறீர்கள், ஊறுகாய் உண்டா என்று விசாரிக்கிறார். அப்பாவுக்கு ஊறுகாய் போனதில்தான் கோபம்.

எழுதுகிறவர்களுக்காக அந்த நர்ஸ் சொன்ன மாதிரி: "பெயர், வயது, ஓ.பி. எண். இன்று எடை 61.4, நேற்று 61.0. பிரஷர் 118/74. சர்க்கரை 132. கால் வீக்கம் இல்லை. இரவு படுத்தால் மூச்சு வாங்கவில்லை. மாத்திரை எதுவும் விடவில்லை. கேள்வி: சளி மாத்திரை போடலாமா?" கேள்வி இல்லாவிட்டால் "கேள்வி இல்லை" என்று எழுத வேண்டுமாம். அப்போதுதான் எதற்குப் பதில் போட வேண்டும் என்று அவர்களுக்கு உடனே தெரியுமாம்.

---

மருந்துக்கடை_பவானி

சளி மாத்திரை பற்றிக் கேட்டது நல்லது. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். வலி மாத்திரை சிலது உடம்பில் நீரைத் தேக்கும். இதய நோயாளி வீட்டில் இருந்தால் கடையில் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

---

ரிக்கு_மேனேஜர்

தம்பி, அந்த மாதிரியை எடுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வண்டியில் பாதிப் பேர் சத்தீஸ்கர், ஒடிசாப் பசங்க. தமிழ் பேசுவான், எழுத வராது. அவனுக்கு அங்கே ஏதாவது ஆனால் ஊர் டாக்டருக்கு எப்படிப் போடுவது? யாராவது இந்தியில் எழுதித் தர முடியுமா?

---

கோபி_எம்டி

எழுதவே வேண்டாம். மெஷினில் தெரிகிற எண்ணையும், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் போட்டோ எடுக்கட்டும். கூடவே அவன் மொழியிலேயே வாய்ஸ் நோட் போடட்டும். என் கிளினிக்குக்கு வருகிற ஒடியாப் பையன்களுக்கு மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் போனில் மொழிபெயர்த்துச் சொல்கிறார், அவர்கள் சம்மதம் வாங்கிக்கொண்டுதான். உங்கள் டாக்டரிடமும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மட்டும் எந்த மெசேஜும் வேண்டாம். முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கட்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போட வேண்டும். சத்தீஸ்கரிலும் அதே நம்பர்தான்.